இறக்கை நுனியில் ஒரு மடிப்பு

ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு அருகே நான் வசிக்கும் சிற்றூரின் மேலே ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் பெருங்கொக்குகள் தெற்கு நோக்கிப் போகும். முதலில் குரல் கேட்கும். அண்ணாந்தால் அம்புமுனை போல இரு வரிசைகள். அதே வானில் விமானங்களும் இறங்கிக்கொண்டிருக்கும். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.

எப்போதும் சன்னலோர இருக்கை கேட்டு வாங்குகிறவன் நான். இறக்கையின் நுனி மேல்நோக்கி மடிந்திருப்பது வெறும் அழகுக்கென்றே நெடுநாள் நம்பியிருந்தேன். பறக்கையில் இறக்கையின் கீழே காற்றழுத்தம் அதிகம், மேலே குறைவு. அந்த வேறுபாடே விமானத்தைத் தாங்குகிறது. ஆனால் நுனியில் தடுப்பேதும் இல்லை. கீழ்க்காற்று விளிம்பைச் சுற்றி மேலே வழிந்து சுழலாகிறது. அந்தச் சுழலை உண்டாக்கியபடியே பறப்பதற்கும் சேர்த்துத்தான் எரிபொருள் எரிகிறது.

நுனியில் ஒரு தட்டை நிறுத்தி இதை மறிக்கலாம் என்று லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் 1897-இலேயே காப்புரிமை பெற்றார், ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு ஆறு வருடம் முன்பே! வெறும் தட்டிலோ ஒரு சிக்கல் உண்டு. அது தானும் காற்றில் இழுபடும். 1970-களில் எண்ணெய் விலை ஏறிய காலத்தில், நாசாவின் லாங்லி ஆய்வகத்தில் ரிச்சர்ட் விட்காம்ப் அந்தத் தட்டையே ஒரு குட்டி இறக்கையாக வடித்தார். சுழன்று வரும் காற்று அதன்மேல் சாய்வாகப் படும்போது முன்னோக்கிய சிறு விசை கிடைக்கிறது, பாய்மரப் படகு பக்கக்காற்றைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்வதைப் போல. மாதிரிகளைத் தம் கையாலேயே அரத்தால் ராவித் திருத்துகிற மனிதர் அவர். 1979-80-இல் கேசி-135 ராணுவ விமானத்தில் சோதித்தபோது எரிபொருள் ஏறக்குறைய 6.5 சதம் மிச்சமாயிற்று.

கொக்குகளுக்கு இது முன்பே தெரியும். முன்னே பறப்பதன் சுழலில் வெளிப்பக்கக் காற்று மேலெழும். பின்னால் வருவது அதில் ஏறிக்கொள்கிறது. 2021 நவம்பரில் இரண்டு ஏர்பஸ் ஏ350 விமானங்கள், மூன்று கிலோமீட்டர் இடைவெளியில், துலூஸிலிருந்து மான்ட்ரியல் வரை இப்படிப் பறந்து பார்த்தன. ஆறு டன்னுக்கு மேல் கரியமிலவாயு குறைந்தது.

இவ்வளவையும் வாசித்துப் பூரித்த பிறகுதான் ஜெவன்ஸ் நினைவுக்கு வந்து தொலைத்தார். நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் இயந்திரம் நிலக்கரிச் செலவைக் கூட்டவே செய்யும் என்று 1865-இல் எழுதியவர். வானத்திலும் அதுவே நடந்திருக்கிறது. ஒரு பயணியைச் சுமக்க ஆகும் எரிபொருள் 1960-களில் ஆனதில் பாதிகூட இல்லை. மொத்தச் செலவோ பல மடங்கு.

அந்தப் பல மடங்கில் நானும் இருக்கிறேன். 1970-களின் இறுதியில் வளைகுடாவில் வேலை பார்த்த அப்பா இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருவார். ஒருமுறை அவர் வந்து நின்றபோது, யாரோ என்று நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேனாம். இன்று நான் வருடத்திற்கு இருமுறை சென்னைக்குப் பறக்கிறேன். விட்காம்ப் மிச்சம் பிடித்ததை எரித்துத் தீர்ப்பவன் நான்தான். குறைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு பயணத்திலும் தோன்றுகிறது. எந்தப் பயணத்தைக் கைவிடுவது என்றுதான் தெரியவில்லை.

அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. போன வாரம் தொலைபேசியில், “பொங்கலுக்கு வர்றியாப்பா?” என்று கேட்டாள். பதிவு செய்துவிட்டேன். சன்னலோரம், இறக்கைக்குச் சற்றுப் பின்னால்.