திங்கட்கிழமை மாத்திரை

மதிப்பிற்குரிய டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்களுக்கு,

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு தாய் எழுதுகிறேன். நீங்கள் 1948 ஆகஸ்டிலேயே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். உங்கள் கைக்கு வராத மடல்தானே, நாலு பேர் படிக்கட்டும் என்று திறந்தே வைக்கிறேன்.

என் மகளுக்கு ஆறு வயதில் ரத்தப் புற்றுநோய். சென்னையில் ஊசிக் காலம் முடிந்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஊர் திரும்பும்போது ஒரு நோட்டும் மாத்திரைப் பையும் கொடுத்தனுப்பினார்கள். அதில் மஞ்சள் நிறத்தில் பொடிப்பொடியாக மெத்தோட்ரெக்ஸேட். திங்கள் இரவு மட்டும். "தெரியாமல் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து" என்று நர்ஸம்மா மூன்று தடவை சொன்னார். காலண்டரில் திங்கள்தோறும் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். ரத்த அணு எண்ணிக்கை பார்க்க ஒன்றாம் நம்பர் பஸ் ஏறிக் காவிரிப் பாலம் தாண்டிப் போவோம். சில வாரம் வாயெல்லாம் புண்ணாகிவிடும். ரசம் சாதத்தைப் பார்த்தாலே அழுவாள், ஆறின மோர் சாதம்தான் இறங்கும்.

மறுபடி பள்ளிக்கூடம் போனதும், எல்லாப் பிள்ளைகளுக்கும் வாரம் ஒருமுறை கொடுக்கிற சத்து மாத்திரையை இவள் கையிலும் கொடுத்தார்கள். இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தது. "ரத்தம் இல்லாத புள்ளைக்கு ரத்த மாத்திரை கொடுத்தா என்னடி?" என்றார் மாமியார். நியாயமான கேள்விதான். மருத்துவரைக் கேட்டேன். "என்னைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். திங்கட்கிழமை மாத்திரை இந்த ஃபோலிக் அமிலத்தின் போலி" என்றார்.

அந்தப் போலியைச் செய்தது யார் என்று தேடியபோதுதான் உங்கள் பெயரைப் படித்தேன். 1945இல் லெடர்லே ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்ததும் உங்கள் தலைமையிலான குழு. அதன் போலிகளைச் செய்ததும் அதே குழு. ஃபோலிக் அமிலம் கொடுத்தால் ரத்தப் புற்று இன்னும் வேகமெடுக்கிறது என்று பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பர் கண்டார். அந்தப் போலிகளில் ஒன்றாக நீங்கள் அனுப்பிய அமினோப்டெரினை 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 10 பேருக்கு நோய் அடங்கியது. சில மாதங்களுக்குத்தான். ஆனாலும் அதற்கு முன்னால் எந்த மருந்துக்கும் அது அடங்கியதில்லை. இதைப் பற்றிய அவர் கட்டுரை 1948 ஜூனில் வந்தது. இரண்டே மாதத்தில் நீங்கள் இல்லை, வயது 53.

ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் முதலில் டிஎன்ஏவுக்கு நகல் எடுக்க வேண்டும். அதற்கான சரக்கை, ஃபோலிக் அமிலத்தைப் பக்குவப்படுத்தி, தயார் செய்ய உதவுவது டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்கிற நொதி. எங்கள் ஊர்க் கல்யாணப் பந்தியில் சில பேர் உண்டு: இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு சாப்பிடவும் மாட்டார்கள், எழுந்திருக்கவும் மாட்டார்கள், அடுத்த பந்திக்காரர்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். உங்கள் போலி அந்த நொதியில் அப்படித்தான் போய் உட்காருகிறது. ஓயாமல் பிரிகிற புற்றுச் செல் பட்டினி கிடந்து சாகிறது. வாயின் உள்தோலும் வேகமாகப் பிரிவதுதான். புண் வந்த கணக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த நொதிதான் குறி என்று விளங்கியதே நீங்கள் போன பிறகு, 1950களில்.

இது ஒற்றை மருந்தின் வேலை இல்லை என்பதும் தெரியும். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வரும் வின்கிரிஸ்டினும் என் மகளுக்கு ஏறியது. அந்தச் செடி எங்கள் கொல்லையிலேயே பூக்கிறது. அதற்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.

பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை உடுத்தியதற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் வெளியே வந்தவர் நீங்கள். 1922இல் பாஸ்டன் போய் வயிற்றுப்பாட்டுக்கு மருத்துவமனையில் இரவு வேலை பார்த்தீர்கள். உங்கள் சகோதரர்கள் ஸ்ப்ரூ என்னும் வயிற்று நோயில் இறந்தார்கள் என்று படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்த நோய்க்குப் பின்னாளில் மருந்தானது ஃபோலிக் அமிலம்தான். யானைக்கால் நோய்க்குத் தெருத்தெருவாகக் கொடுத்த மாத்திரையும் உங்கள் ஆய்வகத்தில் பிறந்தது. அதை நாங்கள் யாருடையது என்று கேட்காமலே விழுங்கியிருக்கிறோம். நோபல் உங்களுக்குத் தரப்படவில்லை. 1995இல் ஒரு தபால் தலை வந்தது. என்னைக் கேட்டால், நோபல் தராதது பெரிய அநியாயம்.

என் மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. மாத்திரை நின்று ஆண்டுகள் ஆகின்றன. நன்றி ஐயா.

இதைப் படிக்கிற பெற்றோர்களே, விடாத காய்ச்சல், வெளிறிய முகம், அடிபடாமலே உடம்பில் நீலத் திட்டு என்று குழந்தையிடம் கண்டால், சத்து மாத்திரை தேடிப் போகாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி ரத்த அணு எண்ணிக்கை பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்ரீரங்கத்து அம்மா ஒருத்தி