வாடகையை ஏற்றியது யார்?

சிவகாசியில் பழைய காலண்டரை யாரும் தேதிக்காக எடுத்து வைப்பதில்லை. முருகன் படத்துக்காக வைத்திருப்பார்கள், இல்லையென்றால் அச்சகக்காரர் மாதிரிக்காக வைத்திருப்பார். நான் தேடிப் போனது அட்டையின் அடியில், கம்பெனிப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் போன் நம்பரை. மிகப் பழைய அட்டைகளில் தந்தி விலாசமும் மூன்று இலக்க எண்ணும் இருக்கும். அப்புறம் நான்கு இலக்கம், ஐந்து இலக்கம். 2002-03 வாக்கில் முன்னால் ஒரு 2 சேர்ந்து ஆறு இலக்கமாகிறது. அதற்குப் பின் வந்தவற்றில் செல் நம்பர் மேலே ஏறிக்கொள்ள, 04562 என்று தொடங்கும் எண் ஓரத்துக்குப் போகிறது. சில அட்டைகளில் அது காணாமலே போய்விட்டது.

எண்ணைத் தேடிய காரணம் பில். லேண்ட்லைன் பில்லில் ‘நிலையான மாதக் கட்டணம்’ என்று ஒரு வரி உண்டு. பேசினாலும் பேசாவிட்டாலும் கட்ட வேண்டியது. ஊரில் அதற்கு இன்னமும் வாடகை என்றுதான் பெயர். செல்போனில் பேச்சுக்குத் தனிக் காசு இல்லாத காலத்தில் இந்த வாடகை மட்டும் விட்டு விட்டு ஏறுகிறதே, கேட்க ஆளில்லையா என்பது லைனை சரண்டர் செய்ய மனமில்லாமல் வைத்திருக்கும் பெரியவர்களின் புலம்பல். கேட்பதற்கென்றே டெல்லியில் 1997 பிப்ரவரியிலிருந்து ஓர் ஆணையம் இருக்கிறது: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், சுருக்கமாக டிராய். அது தலையிட வேண்டுமா, கூடாதா? பதில் சொல்வதற்கு முன் இந்த வாடகை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

முதலில் போனது ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஊருக்குள் இருக்கும் ஆபீஸுக்கு. கணக்குப் பார்க்கும் அண்ணாச்சிக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். “வாடகைய அப்ப யாரு தம்பி பாத்தா? ட்ரங்க் கால் பில்லு வந்தாத்தான் முதலாளிக்கு வேர்க்கும்” என்றார். மேஜை டிராயரைக் கிளறி ஒரு சின்னப் பூட்டை எடுத்து வைத்தார். கட்டைவிரல் நகம் அளவு. சுழற்றும் டயலின் ஒரு துளைக்குள் அதைச் செருகிப் பூட்டிவிட்டால் டயல் திரும்பாது. வருகிற அழைப்பை மட்டும் எடுக்கலாம். சாவி முதலாளியின் சட்டைப் பையில். பக்கத்தில் ஒரு நோட்டு: எந்தப் பார்ட்டி, எந்த ஊர், எத்தனை மணி, ஆர்டினரியா, அர்ஜெண்டா, லைட்னிங்கா. லைட்னிங் கால் என்றால் உடனே கிடைக்கும், கட்டணமும் மின்னல் மாதிரியே தாக்கும். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் அந்த நோட்டில் கான்பூர், பாட்னா, டெல்லி என்று பக்கம் பக்கமாக நிரம்பியிருக்கும் என்றார்.

சிவகாசிக்கு இந்த வெளியூர்ப் பேச்சு பிறப்பிலேயே வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தவர்கள். தொழில் அங்கிருந்து வந்தது, சரக்கும் அந்தத் திசைக்கே திரும்பிப் போனது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவரோடு தினம் பேசியே தீர வேண்டிய ஊர். விருதுநகரின் கமிஷன் கடைகளும் அப்படித்தான். வத்தலும் மல்லியும் உளுந்தும் என்ன விலைக்குப் போகின்றன என்பது வெளியூர்க்காரனுக்குத் தெரிந்தாக வேண்டும், வெளியூர் விலை இங்கே தெரிந்தாக வேண்டும். தொலைபேசித் துறைக்கு இந்த மாதிரி ஊர்கள்தான் கறவை மாடு.

அந்தப் பால் எங்கே போனது என்பதில்தான் வாடகையின் ரகசியம் இருக்கிறது.

இந்தியாவில் தொலைபேசி 1882 ஜனவரியில், ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் கையால் வந்தது. 1885-இல் தந்திச் சட்டம். 1943-இல் சென்னை, பம்பாய், கல்கத்தா தொலைபேசிக் கம்பெனிகளை அரசே எடுத்துக்கொண்டது. கறுப்பு போன், கம்பி, கம்பம் எல்லாம் சர்க்கார் சொத்து. வீட்டுக்காரர் அதை வைத்திருக்கக் கொடுப்பது வாடகை. எவ்வளவு என்பதை எக்ஸ்சேஞ்சின் அளவு முடிவு செய்தது. ஆயிரம் லைனுக்குக் குறைந்த சின்ன எக்ஸ்சேஞ்ச் என்றால் குறைவு, முப்பதாயிரம் வரை இன்னொரு படி, லட்சத்தைத் தாண்டிய பெருநகரம் என்றால் அதிகம். உள்ளூர்க் கட்டணத்தில் எத்தனை பேரை எட்ட முடிகிறதோ அதற்கேற்ற விலை. சென்னைக்காரரைவிட சிவகாசிக்காரர் குறைவாகக் கட்டியது இதனால்தான்.

ஆனால் எந்தப் படியிலும் அந்த வாடகை ஒரு லைனைப் போட்டுப் பராமரிக்கும் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை. பற்றாக்குறையை ட்ரங்க் கால், எஸ்டிடி என்ற வெளியூர்ப் பேச்சின் பில் அடைத்தது. பாட்னா பார்ட்டியிடம் சரவெடி விலை பேசிய முதலாளி, தனக்குத் தெரியாமலே, எதிர்த் தெருவில் மகளின் அழைப்புக்காக மட்டும் போன் வைத்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்தார். இரவு பதினொரு மணிக்கு மேல் கால்வாசிக் கட்டணம் என்பதற்காக மஞ்சள் போர்டு எஸ்டிடி பூத் வாசலில் வரிசை நின்றதும் இதே கணக்கின் இன்னொரு முகம். போதாக்குறைக்கு 1994 ஜூலையில் சேவை வரி பிறந்தபோது முதலில் மாட்டிய மூன்றில் ஒன்று தொலைபேசி பில்.  அன்று 5 சதவீதம். இன்று ஜிஎஸ்டியாக 18.

எஸ்டிடி பில் வாடகையைத் தாங்கிய இந்த ஏற்பாட்டை உடைத்தது யார் என்று தேடினால் கை நேராக டிராய் பக்கம் போகிறது. 1999 மார்ச் 9 தேதியிட்ட தொலைத்தொடர்பு கட்டண ஆணை. அப்போது தலைவர் நீதிபதி எஸ்.எஸ். சோதி. எஸ்டிடி, ஐஎஸ்டி கட்டணங்களைப் படிப்படியாகக் குறை, வாடகையைச் செலவுக்குப் பக்கத்தில் கொண்டு வா என்பதே சாரம். தனியார் நிறுவனங்கள் உள்ளே வரப்போகின்றன. வந்தால் கொழுத்த எஸ்டிடி வாடிக்கையாளரை மட்டும் பொறுக்கிக்கொண்டு போய்விடுவார்கள், மீதி லைன்களின் நட்டம் அரசுத் துறையின் தலையில் விழும் என்பது வாதம். வாதத்தில் தப்பில்லை. எதிர்ப்பு கிளம்பியது, கிராமங்களுக்கும் குறைவாகப் பேசுவோருக்கும் தனி ஏற்பாடு செய்தார்கள், அந்த ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்தது. மறு ஜனவரியில் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் அந்த ஆணையமே கலைக்கப்பட்டு மாற்றி அமைக்கப்பட்டது. ஆனால் கட்டணம் திரும்பிய திசை மாறவில்லை.

ஆக, வாடகையை ஏற்ற வழி வகுத்ததே ஒழுங்குமுறை ஆணையம். ‘ஆணையம் தலையிட வேண்டுமா’ என்று இன்று கேட்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுக் கேட்பது நல்லது.

லாபம் யாருக்கு? பட்டாசு ஆபீஸுக்கும் கமிஷன் கடைக்கும். 2002 தொடக்கத்தில் தனியார் போட்டி வந்ததும், நிமிடத்துக்கு 20 ரூபாய்க்கு மேல் இருந்த நெடுந்தொலைவுக் கட்டணத்தை அரசு நிறுவனமான பிஎஸ்என்எல் 10 ரூபாய்க்குள் இறக்கியது. 2006 மார்ச்சில் ‘ஒன் இந்தியா’ திட்டம் வந்தது: நாட்டின் எந்த மூலைக்கும் நிமிடம் ஒரு ரூபாய். அண்ணாச்சி டயல் பூட்டை டிராயருக்குள் போட்டது இதற்கெல்லாம் முன்பே இருக்கலாம். நோட்டை மூடியது இந்தக் காலத்தில்தான். எதிர்த் தெரு வாத்தியாருக்குக் கிடைத்தது உயர்ந்த வாடகை. அவர் எஸ்டிடி பேசியதே இல்லை என்பதால் குறைந்த கட்டணத்தால் அவருக்கு ஐந்து பைசா மிச்சமில்லை.

1999 ஆணைக்கு அடுத்த சில ஆண்டுகளில் டிராய் கையை எடுத்துக்கொண்டது. கிராமப்புற லேண்ட்லைன், தேசிய ரோமிங், வாடகைக்கு விடும் தனி லைன்கள் தவிர மற்ற கட்டணங்களை நிறுவனங்களே நிர்ணயிக்கலாம், ஆணையம் பார்த்துக்கொண்டிருக்கும் என்பது கொள்கையானது. போட்டி இருக்கும் இடத்தில் விலையைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. செல்போனில் அது பலித்தது. செப்புக் கம்பியில் போட்டி எங்கே இருந்தது? இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வந்த கம்பி என்றால் அது பிஎஸ்என்எல் கம்பிதான். விலையை விட்டுப் பிடிக்கலாம் என்றால் எதிரே இன்னொரு கடை இருக்க வேண்டாமா?

பிஎஸ்என்எல் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. லைன்கள் குறையக் குறைய எக்ஸ்சேஞ்ச், கேபிள், பேட்டரிச் செலவு மிச்சமிருக்கும் தலைகளின் மேல் ஏறும். 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,569 பேர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். 2022-இல் மத்திய அரசு அறிவித்த மறுசீரமைப்புத் தொகுப்பு 1.64 லட்சம் கோடி. அதே 2022 ஆகஸ்ட் கணக்கில் நாட்டின் மிகப் பெரிய நிலைவழித் தொலைபேசி நிறுவனம் என்ற இடத்தை ஜியோ பிடித்தது. அது கொடுப்பது ஃபைபர் இணையம். அதன் வாலில் போனும் வரும். இணையம் வாங்குகிறவருக்குப் பேச்சு இலவசம் மாதிரி. பேச்சு மட்டும் போதும் என்பவருக்குத்தான் மாற்று வழி இல்லை.

இங்கிலாந்தில் இதே நிலை வந்தபோது அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் சும்மா இருக்கவில்லை. மொத்த விலை இறங்கியும் வீட்டு வாடகை ஏறுகிறது, அடிபடுவது பெரும்பாலும் இணையம் இல்லாத முதியவர்கள் என்று 2017-இல் கண்டது. கட்டுப்பாடு வரப்போகிறது என்றதும் பிரிட்டிஷ் டெலிகாம் தானே இறங்கி வந்தது. பேச்சு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு 2018 ஏப்ரல் முதல் மாத வாடகை 18.99 பவுண்டிலிருந்து 11.99.

நம் டிராய்க்கும் இது தெரியாத வித்தை இல்லை. 2024 டிசம்பரில், டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜ் கட்டாயம் இருக்க வேண்டும் என்று செல்போன் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஆனால் எத்தனை ரூபாய்க்கு என்று சொல்லவில்லை. கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் டிராய் சட்டத்தின் 11(2) பிரிவில் அப்படியே இருக்கிறது.

பட்டாசு ஆபீஸுக்கு வாடகை ஏறினால் என்ன? அது வியாபாரச் செலவு. தவிர, அவர்களால் லைனை விடவும் முடியாது. மருந்து கலக்கும், செலுத்தும் அறைகளுக்குள் செல்போனுக்கு அனுமதி கிடையாது. ஆலையின் வாசல் ஆபீஸில் கம்பி போன் இருப்பது போர்மேனுக்கு ஒரு தெம்பு. செப்புக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் பேட்டரியிலிருந்தே மின்சாரம் வரும் என்பதால், ஊரில் கரண்ட் போனாலும் அது ஒலிக்கும். ஃபைபருக்கு மாறினால் வீட்டில் இன்வெர்ட்டர் வேண்டும். மாற்றிக்கொள்ளச் சொல்கிறவர்கள் இந்தச் செலவை வாடகைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

என் கணக்கில் உச்சவரம்பு ஓர் இடத்துக்கு மட்டும் போதும்: இணையம் இல்லாத, பேச்சு மட்டும் உள்ள வீட்டு லைன். வேம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்கு 1999-இலேயே நினைத்துப் பார்த்த பாதுகாப்பு, சிவகாசி ஊருக்குள் தனியாக இருக்கும் எழுபது வயது விதவைக்கு ஏன் எட்டக் கூடாது? பணத்துக்கும் வழி இருக்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம் முன்பு உலகளாவிய சேவைக் கடப்பாட்டு நிதி என்றும் இப்போது டிஜிட்டல் பாரத் நிதி என்றும் பெயர் கொண்ட கணக்குக்குப் போகிறது. அதிலிருந்து 2008 ஜூலை தொடங்கி மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு 2,000 கோடி ரூபாய், பிஎஸ்என்எல்லின் கிராமப்புறக் கம்பி லைன்களுக்குத் தரப்பட்டிருக்கிறது. நகரத்தில் மிஞ்சியிருக்கும் பேச்சு மட்டும் லைன்களுக்கு அதில் ஒரு துண்டு போதும்.