டிரிகரின் எடை

அந்த ரைஃபிளின் டிரிகரை இளக்கியவன் நான். இளக்கியதை மறைத்து, சுட்ட பெண்ணின் விரல்மேல் பழியைப் போட்டவனும் நான்தான். துப்பாக்கி சுடுதல் பழகாதவர்களுக்கு இது வெறும் திருகாணி விவகாரமாகத் தெரியும். அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்றன. ஆனால் வருஷத்தில் பாதிக்குமேல் நாங்கள் பார்ப்பது மணலைத்தான். அந்த மணலில் ஓடி வளர்ந்த பிள்ளைகளுக்கு மூச்சு எளிதில் வாங்காது. இவர்களுக்கு ஓடிச் சுடுகிற விளையாட்டு பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது. டார்கெட் ஸ்பிரிண்ட் என்று சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு நடத்துகிற போட்டி ஒன்று உண்டு. 400 மீட்டர் ஓடிவந்து, நின்றபடி, 10 மீட்டர் தள்ளி இருக்கும் 5 இலக்குகளை ஏர் ரைஃபிளால் சாய்த்துவிட்டு மறுபடி ஓட வேண்டும். தோப்புக்குப் பின்னால் மண்மேடு எழுப்பி, பழைய போட்டி ரைஃபிள் ஒன்றை வாங்கி, அதே மாதிரி பழக்க ஆரம்பித்தேன்.

முதல் வகுப்பில் நான் சொன்னது பயத்லானைப் பற்றி. பனிச்சறுக்கும் சுடுதலும் சேர்ந்த அந்த விளையாட்டு 1960 முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் இருக்கிறது. குறைந்தது மூன்றரைக் கிலோ எடையுள்ள .22 ரைஃபிளை முதுகில் மாட்டிக்கொண்டே சறுக்கி வருவார்கள். 50 மீட்டர் தூரத்தில், படுத்துச் சுட 45 மில்லிமீட்டர் இலக்கு, நின்று சுட 115. தானாக அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிக்கு அனுமதி இல்லை. டிரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். இந்த அரைக் கிலோ ஏன் என்பதையும் சொல்லிக்கொடுத்தேன். நெஞ்சு படபடக்க வந்து நிற்பவரின் விரல் நுனி வரைக்கும் துடிப்பு இருக்கும். டிரிகர் லேசாக இருந்தால், சுடலாம் என்று மனசு முடிவெடுப்பதற்குள் விரல் சுட்டுவிடும். எங்கள் ரைஃபிளையும் அரைக் கிலோவுக்கே வைத்திருந்தேன்.

அப்புறம் ஒரு போட்டி வந்தது. எங்களிடம் இருந்த பிள்ளைகளிலேயே கெட்டியான கை ஒரு பெண்ணுக்கு. கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவனின் படத்தை நோட்டில் ஒட்டி வைத்திருந்தாள். நின்று நிதானமாகச் சுட்டால் எல்லாம் சாயும், ஓடிவந்து சுட்டால் இரண்டு தப்பும். டிரிகரை இழுக்கிற இழுப்பில் குழல் வலப்பக்கம் நகர்வதைக் கவனித்தேன். அதற்கு விரலைப் பழக்க வேண்டும், மாதக்கணக்கில். என்னிடம் அந்தப் பொறுமை இல்லை. போட்டியில் எங்கள் ஊர்ப் பெயர் வர வேண்டும் என்ற ஆசை மட்டும் நிறைய இருந்தது.

எனக்கு ஒரு சாக்கும் கிடைத்தது. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் விதியில் டிரிகருக்குக் குறைந்தபட்ச எடை கிடையாது. ரைஃபிள் ஐந்தரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்பார்கள், ஜாக்கெட்டின் தடிமனையும் விறைப்பையும் கருவி வைத்து அளப்பார்கள், ஷூவின் அடிப்பாகத்தைக்கூட விடமாட்டார்கள். டிரிகரை மட்டும் சுடுபவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஒன்றேகால் மணி நேரத்தில் 60 குண்டு, பத்துப் புள்ளிக்கான வட்டமோ அரை மில்லிமீட்டர். அசையாமல் நிற்கிறவருக்கு லேசான டிரிகர் அவசியம். நின்று சுடுகிறவருக்குக் கொடுத்த அந்தச் சலுகையை எடுத்து, ஓடிவருகிற பிள்ளையின் கையில் நான் கொடுத்தேன். "விதியில் இடம் இருக்கிறது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கவனம் சிதறும் என்று நினைத்தேன்.

எங்கள் ஊர் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த 15 படுக்கை ஆதுலசாலைக்கு, அதாவது மருத்துவமனைக்கு, வைத்தியர் யார், அவருக்கு நெல் எவ்வளவு, என்னென்ன மருந்து இருப்பில் வேண்டும் என்பதுவரை அதில் வெட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளை அழைத்துப் போய்ப் பெருமையோடு காட்டியிருக்கிறேன். ரைஃபிளுக்கென்று நானும் ஒரு நோட்டு வைத்திருந்தேன். எண்ணெய் போட்ட தேதிகூட அதில் இருக்கும். டிரிகரை இளக்கிய நாளுக்கு எதிரே எதுவும் எழுதவில்லை.

அடுத்த பயிற்சியில் அவள் ஓடிவந்தாள், பெல்லட்டைப் போட்டாள், துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றுவதற்குள் அது வெடித்தது. பெல்லட் பெஞ்சின் இரும்புக் காலில் பட்டுத் திரும்பி, பக்கத்தில் நின்ற பையனின் கெண்டைக்காலைக் கிழித்தது. வாலாஜாபாத்துக்குக் கொண்டுபோய்த் தையல் போட்டோம். சதையோடு போனது. இன்னும் இரண்டடி மேலே போயிருந்தால் என்ற நினைப்பு இப்போதும் என்னைத் தூங்கவிடாது.

பையனின் அப்பா என்ன நடந்தது என்று கேட்டார். "இந்தப் பொண்ணு முன்னாடியே டிரிகர்ல விரலை வெச்சிட்டா" என்றேன். விரல் அங்கே இருந்தது நிஜம். அந்தப் பாதி நிஜம் என் பொய்க்குப் போதுமானதாக இருந்தது. அவளும் நம்பிவிட்டாள். அந்தப் பையன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். நான் கூடவே நின்றேன். அன்று ராத்திரி திருகாணியைப் பழையபடி முறுக்கி வைத்தேன். அதற்கப்புறம் அவள் பயிற்சிக்கு வரவில்லை.

போன மாதம் இரண்டு வீட்டுக்கும் போய் உள்ளதைச் சொன்னேன். பையனின் அப்பா என்னை உட்காரச் சொல்லவில்லை. அது அவர் உரிமை. பெண்ணின் அப்பா, "அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க சார்" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். அவள் வந்து முழுவதையும் கேட்டாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை.

"அன்னிக்கு டிரிகர் எவ்ளோ வெயிட்ல சார் இருந்துச்சு?" என்று கேட்டாள்.

எடைக்கல் தொங்கவிட்டுப் பார்க்கவே இல்லை என்றேன்.