ஐந்து போல்ட்டுகளின் பொறுப்பு

வெலோட்ரோம் என்னும் சைக்கிள் பந்தய அரங்கில் பந்தயம் ஓட்டுகிறவர்களின் சைக்கிளுக்குப் பிரேக்கும் கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது. பின்சக்கரம் சுழலுகிற வரையில் பெடலும் சுழன்றே தீருமாதலால், வேகத்தைக் கூட்டுவதும் கால்களால்தான், குறைப்பதும் கால்களால்தான். அந்த இரு காரியங்களின் பாரத்தையும் பெடலைத் தாங்கும் கிராங்கிலிருந்து செயினை இழுக்கும் செயின்வீலுக்குக் கடத்துகிற பொறுப்பு, விரல்நுனியளவே உள்ள ஐந்து போல்ட்டுகளைச் சேர்ந்தது. அவற்றுள் ஒன்று ஒடிந்து, அதன் பாரத்தையும் தாங்கமாட்டாமல் அடுத்ததும் ஒடிந்து, செயின்வீல் கோணிச் செயின் கழன்றுவிட்டால், ஓட்டுகிறவனுக்கு வேகத்தை அடக்க வேறு உபாயமே இல்லை.

இந்த அபாயத்தை முன்கூட்டியே தடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர்களை அருகிருந்து பார்க்கவேண்டுமென்ற ஆவலோடு, தில்லியில் இந்திரா காந்தி விளையாட்டரங்க வளாகத்திலுள்ள வெலோட்ரோமுக்குச் சென்றிருந்தேன். 2010-ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகக் கட்டப்பட்ட, 250 மீட்டர் சுற்றளவுள்ள மரத்தளம் அது. 2018-இல் சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் நம் வீரர் ஈசோ ஆல்பன் கெய்ரின் பந்தயத்தில் வெள்ளி பெற்றதும், அடுத்த ஆண்டே ஜெர்மனியில் நம் ஜூனியர் அணி குழு ஸ்பிரிண்டில் தங்கம் வென்றதும் இந்திய சைக்கிள் உலகத்துக்குப் புதிய நம்பிக்கையை ஊட்டிய சம்பவங்கள். அத்தகைய வெற்றிகளுக்குப் பின்னால் நிற்கும் மெக்கானிக்குகளில் ஒருவரையே நான் அங்கே சந்தித்தேன். லூதியானாவில் இளமையில் தொழில் பயின்று தலைநகருக்கு வந்தவர். வயதில் மூத்தவராகையால், பிள்ளைகள் எல்லோரும் அவரை உஸ்தாத் என்றே அழைத்தார்கள்.

நான் போய் உட்கார்ந்த சிறிது நேரத்துக்கெல்லாம் ஒரு பையன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "உஸ்தாத்ஜி, எழும்பி நின்று மிதித்தால் 'டக்'கென்று சத்தம் கேட்கிறது" என்றான். "சத்தம் கேட்டதும் இறங்கினாயே, அதுவே பெரிய காரியம், பேட்டா" என்று சொல்லி, அவர் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, பெடலை முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டினார். செயின்வீலுக்கும் கிராங்கின் கைகளுக்கும் இடையே மயிரிழை அசைவு புலப்பட்டது. ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி வந்தபோது மூன்றாவதன் தலை மட்டும் அலன் கீயோடு தனியே வந்துவிட்டது.

ஒடிந்த துண்டை அவர் விளக்குக்கு நேராகப் பிடித்து என்னிடம் காட்டினார். முறிவின் ஒரு பாதி தேய்ந்து வழவழப்பாக, ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து செல்லும் நுண்ணிய கோடுகளோடு இருந்தது. மறுபாதியோ கரடுமுரடாய், புத்தம்புதிய உலோகமாய் மின்னியது. அந்தக் கோடுகள் நாள்பட்ட விரிசல் படிப்படியாக முன்னேறிய தடங்கள். கரடான பகுதி அன்று ஒரு கணத்தில் அறுந்தது. ஆகவே ஒடிதல் என்பது திடீரென நேர்வதுபோல் தோன்றினாலும், உண்மையில் அது நெடுங்காலமாக நடந்துவந்த உலோகச் சோர்வின் கடைசி அத்தியாயமே என்பது எனக்குப் பிரத்தியட்சமாயிற்று.

பலசாலியின் மிதியே போல்ட்டை ஒடிக்கிறது என்பது சாமானிய அபிப்பிராயம். கணக்கோ வேறு விதமாகச் சொல்கிறது. தன் எடையைப் போல் இருமடங்கு, அதாவது சுமார் 150 கிலோ விசையோடு ஒருவன் 165 மில்லிமீட்டர் கிராங்கை அழுத்துவதாகக் கொள்வோம். போல்ட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம் 144 மில்லிமீட்டரானால், ஒவ்வொன்றின் பங்குக்கும் சராசரியாக 70 கிலோ வரும். செயின் இழுக்கும் மேற்புறத்தில் அது நூறையும் தாண்டலாம். சரியாக முறுக்கப்பட்ட போல்ட்டோ, செயின்வீலையும் கிராங்கின் கையையும் சுமார் 600 கிலோ விசையோடு நெரித்துப் பிடிக்கிறது. அந்தப் பிடியில் பிறக்கும் உராய்வே பாரத்தின் பெரும்பகுதியைச் சுமந்துவிடுவதால், போல்ட்டின் உடல் வெட்டுவிசைக்கு அவ்வளவாக ஆளாவதில்லை. பிடி தளர்ந்தால்தான் செயின்வீல் துளைக்குள் நகர்ந்து போல்ட்டின் உடலில் மோதுகிறது. ஃப்ரீவீல் இல்லாத வண்டியில், மிதிக்கும்போது ஒரு பக்கமும் வேகத்தைத் தடுக்கும்போது மறுபக்கமுமாக அந்த மோதல் மாறிமாறி நிகழ்ந்து விரிசலை வளர்க்கிறது.

தளர்ச்சிக்கு உஸ்தாத் காட்டிய காரணங்களுள் ஒன்று என்னை வியக்கவைத்தது. இரண்டு செயின்வீல் உள்ள வண்டிக்கான நீண்ட குழல் நட்டை ஒற்றைச் செயின்வீலுக்குப் போட்டுவிட்டால், செயின்வீலை அழுத்துவதற்கு முன்பே குழலின் முனை போல்ட்டின் தலையில் முட்டி நின்றுவிடும். கைக்கு இறுகினாற்போல் தெரியும், பிடியோ இராது.

பிறகு அவர் வேலையைத் தொடங்கினார். துளைகளின் விளிம்பில் படிந்திருந்த அழுக்கையும் பெயின்ட்டையும் துடைத்து, மரையிலும் தலையின் அடிப்புறத்திலும் கிரீஸ் தடவி, ஐந்து போல்ட்டுகளையும் முதலில் கைமுறுக்காக மட்டும் ஏற்றினார். செயினைச் சுழற்றி, அது விறைக்கும் இடத்தில் செயின்வீலை மெல்லத் தட்டித்தட்டி மையத்துக்குக் கொண்டுவந்தார். அதன்பின், ஒன்றைவிட்டு ஒன்றாக, நட்சத்திரம் வரையும் கிரமத்தில், டார்க் ரெஞ்சால் பல சுற்றுகளில் இறுக்கினார். எஃகு போல்ட்டுக்கு 12 முதல் 14 நியூட்டன் மீட்டர், அலுமினியத்துக்கு 8 அல்லது 9 என்று சில தயாரிப்பாளர்கள் விதித்திருக்கிறார்கள். அந்தந்த கிராங்குக்கு விதித்த அளவைத் தாண்டி முறுக்குவதும் ஒடிவதற்கே வழி என்றார். பழைய நான்கும் நன்றாகத்தானே இருக்கின்றன என்று நான் கேட்டபோது, "ஒடிந்தது ஒன்று, அலுத்தது ஐந்தும், சாகிப்" என்று சொல்லி, அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டு, ஐந்தையும் புதிதாகவே மாட்டியிருந்தார். முதல் பயிற்சி முடிந்ததும் மறுபடி கொண்டுவா என்று பையனிடம் கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார். புதிதாக அமைந்த பரப்புகள் படிந்து சற்றே தளர்வது இயல்பு.

இத்தனைக்கும் செலவாகிற நேரம் சொற்பம். தேவைப்படுவது சிரத்தை ஒன்றே. இவ்வகை வண்டியைத் தெருவில் ஓட்டுகிற இளைஞர்கள் முன்பிரேக் ஒன்றை அவசியம் பொருத்திக்கொள்வதோடு, போல்ட்டுகளின் இந்தப் பரிசோதனையையும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பயிற்சிக் களங்களிலோ, மிதிக்கக் கற்றுக்கொடுக்கும்போதே முறுக்கவும் கற்றுக்கொடுக்கவேண்டும். அதைக் கற்றுத்தரத் தகுதிவாய்ந்த இந்தத் தொழிலாளர்களுக்குப் பயிற்சியாளர்களுக்கு நிகரான இடமும், நல்ல கருவிகளும், தமக்குப்பின் தொழிலைத் தொடரும் சீடர்களும் கிடைக்கச்செய்வது அக்களங்களை நடத்துகிறவர்களின் கடமை.