புதுவை காணப் புறப்படுவோர்க்கு

"புதுவைக்குப் போய் வந்தேன்" என்று எங்கள் குப்பத்தில் ஒருவர் சொன்னால் போதும், கேட்பவர் முகத்தில் ஒரு குறுஞ்சிரிப்பு! எத்தனை புட்டி என்ற கேள்வி அந்தச் சிரிப்பிலேயே அடங்கியிருக்கும். மரக்காணத்து உப்பளக் கரையில், எக்கியார்குப்பத்தில், புதுவை என்ற சொல்லுக்கு ஏட்டுப் பொருள் வேறு, வீட்டுப் பொருள் வேறு. மது மலிவாகக் கிடைக்கும் இடம், அவ்வளவே புதுவை! 2023ஆம் ஆண்டு மே மாதம் நச்சுச் சாராயம் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்துச் சென்ற கரை இது. அதன் பின்னுமா இந்தச் சிரிப்பு என்று நாம் வியந்ததுண்டு, வெகுண்டதுண்டு. வெகுண்டு என்ன பயன்? சிரிப்பவரைத் திருத்த நம்மால் ஆகுமோ ஆகாதோ, அவர்தம் பிள்ளைகளுக்கு வேறொரு புதுவையைக் காட்ட நம்மால் ஆகும் என்று துணிந்தோம்.

இன்னொரு சாரார் உண்டு. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் காற்றாய்ப் பறந்து வருவோர். அவர்களுக்குப் புதுவை என்பது மஞ்சள் சுவர், சுவர்மீது காகிதப்பூங்கொடி, கொடியடியில் நின்று எடுத்துக்கொள்ளும் படம். வழிகாட்டிக் கையேடுகளும் அந்தச் சுவரோடு நின்றுவிடுகின்றன. புட்டி தேடிப் போவோரும் புதுவையைக் காண்பதில்லை, படம் தேடிப் போவோரும் காண்பதில்லை. எனவேதான், சென்ற தைத் திங்களில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரை அழைத்துக்கொண்டு, ஆசிரியர் இருவராய், நாங்களே புறப்பட்டோம். அந்த ஒரு நாள் நடையில் கற்றதைத்தான், புதுவை காணப் புறப்படுவோர்க்குப் பயன்படுமென்று, இங்கே எழுதுகிறோம்.

தை, மாசியில் செல்வது நலம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் வழிமறிக்கும். சித்திரைக்குப் பின் வெயில் வாட்டும். திங்கட்கிழமை வேண்டாம், அருங்காட்சியகம் மூடியிருக்கும். மரக்காணத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பயணம். பேருந்தில் வலப்புறம் இடம் பிடித்தால் உப்புப் பாத்திகளையும், அவற்றுக்கப்பால் கழுவெளியின் நீர்ப்பரப்பையும் காணலாம். எங்கள் பிள்ளைகள் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. அன்றாடம் அப்பனும் ஆத்தாளும் கால் வெடிக்க மிதிக்கும் பாத்தி. அதில் காண என்ன இருக்கிறது?

ஆனால் புதுவைக்குள் நுழைந்ததும் ஒரு பேருந்தின் நெற்றியில் 'உப்பளம்' என்ற பெயரைக் கண்டு கைகொட்டிச் சிரித்தனர். "இங்கேயும் உப்பளமா சார்?" உண்டு, பெயரளவில்! புதுவையில் உப்பளம் என்றொரு பகுதி இருக்கிறது, உப்புப் பாத்திதான் இல்லை. 1815இல் வெள்ளையர் இருவர் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். பிரெஞ்சுப் பகுதியில் விளையும் உப்பை ஆங்கிலேயர் தம் கைக்குள் கொண்டுவந்தனர். ஈடாக ஆண்டுதோறும் 4 இலட்சம் ரூபாய் பிரெஞ்சுக்காரருக்கு. 1818இல் உப்பு விளைவிப்பதே நிறுத்தப்பட்டது. கடல் நம்முடையது, மண் நம்முடையது, வெயிலும் நம்முடையது. பேரம் பேசியவர்களோ கடல்கடந்து வந்த இருவர்! இதைச் சொன்னபோதுதான், காலையில் வெளியே பார்க்காத பிள்ளைகள், மாலையில் திரும்பும்போது பாத்தியைப் பார்ப்பதாகச் சொன்னார்கள்.

பார்க்கத் தொடங்க வேண்டிய இடம் எது? கையேடுகள் கடற்கரை என்னும். நாம் கால்வாய் என்கிறோம். பெரிய வாய்க்கால் என்று ஊரார் சொல்லும் அந்தக் கழிவுநீர்க் கால்வாய்தான் புதுவையின் முதுகெலும்பு! 1674இல் பிரான்சுவா மர்த்தேன் இவ்வூரைப் பிரெஞ்சுத் தலமாக்கினான். 1693 முதல் 1699 வரை டச்சுக்காரர் பிடித்து வைத்திருந்தனர். இன்று எல்லோரும் வியக்கும் நேர்கோட்டுத் தெருக்களுக்குத் திட்டம் வரைந்தவர் அந்த டச்சுக்காரரே. 1761இல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கினர், மீண்டும் எழுந்தது. இத்தனை கொடிகள் மாறியும் மாறாதது கால்வாய்க்கு இருபுறமும் நின்ற பிரிவு. கிழக்கே கடற்காற்று வீசும் வெள்ளையர் நகர். மேற்கே கறுப்பர் நகர். மறைவாகவோ மரியாதைக்காகவோ கூட வேறு பெயர் வைக்கவில்லை. தோலின் நிறத்தையே ஊரின் பெயராக்கினர்! 'வெள்ளையர் நகர்' என்ற பெயரை இன்றும் விடுதிகளின் விளம்பரத்தில் பெருமையோடு பொறிக்கிறார்களே, அதை எண்ணினால் நமக்கு நகைப்பதா நாணுவதா என்று தெரியவில்லை.

அன்று நண்பகலில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கால்வாயைக் கடந்து கிழக்கே நடந்தோம். வெயில் ஏறியது. உணவு விடுதியாகிவிட்ட பழைய மாளிகை ஒன்றின் படிக்கட்டில், நிழலுக்காகப் பிள்ளைகள் அமர்ந்தனர். வாயிற்காவலர் விரைந்து வந்தார். "எழுந்திருங்கப்பா, இங்கெல்லாம் உட்காரக் கூடாது, கஸ்டமர் வர்ற இடம்." எழுந்தோம். "எந்த ஊர் பசங்க?" என்றார். சொன்னோம். அவர் முகம் சுருங்கிற்று. அவரும் எங்கள் கரையோரத்துக் குப்பம் ஒன்றிலிருந்து பிழைக்க வந்தவர். "தப்பா நினைக்காதீங்க வாத்தியாரே" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, மீண்டும் விறைப்பாய் நின்றுகொண்டார். நடக்கத் தொடங்கியதும் ஒரு மாணவன் கேட்டான்: "சார், வாய்க்காலைத் தாண்டி வந்துட்டோம்ல, அதனாலயா?" ஏனைய பிள்ளைகள் சிரித்தனர். நமக்கு மறுமொழி வரவில்லை. கல்லூரியில் கட்டுரைப் போட்டிகளில் சமத்துவம் பற்றிப் பக்கம் பக்கமாய் எழுதிப் பரிசு வாங்கிய கை நம்முடையது. அன்று அந்தப் படிக்கட்டில் "பிள்ளைகள் ஐந்து நிமிடம் இருக்கட்டும்" என்று ஒரு சொல் சொல்ல வாய் எழவில்லை.

மேற்கே திரும்பினோம். கறுப்பர் நகரென்று ஒதுக்கப்பட்ட அந்தப் பகுதியில்தான் புதுவையின் கருவூலமே இருக்கிறது என்பது எம் கருத்து. ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கர் மாளிகை. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு இல்லையேல், துய்ப்ளே ஆட்சியில் 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டபோது ஊரார் பட்ட பாடு, பிரெஞ்சுத் தாள்களில் ஒரு வரியோடு போயிருக்கும். ஈசுவரன் தருமராசா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த இல்லம். 1908 முதல் 1918 வரை ஆங்கிலேயர் கைக்கு எட்டாமல் அவர் புதுவையில் இருந்தார். பெருமாள் கோயில் வீதியில் பாவேந்தர் பாரதிதாசன் இல்லம். 1909இல் பள்ளி ஆசிரியராகிப் பல்லாண்டு சாக்பீசோடு வாழ்ந்தவர் அவர் என்று சொன்னதும் பிள்ளைகள் நம்மை ஏற இறங்கப் பார்த்தனர். இந்த வாத்தியாருக்கும் ஏதேனும் பாட வருமோ என்ற ஐயம் போலும்!

பஞ்சாலைகளின் கதையும் கால்வாய்க்கு மேற்கேதான். 1936 சூலை 30 அன்று, வேலை நேரத்தைக் குறை என்று கேட்ட தொழிலாளர்மீது பிரெஞ்சுப் படை சுட்டது; 12 பேர் மாண்டனர். எட்டு மணி நேர வேலை என்ற உரிமை அந்தக் குருதியில் விளைந்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று மும்முழக்கம் செய்த நாட்டின் கொடி பறந்த ஊரில்!

பெரிய மார்க்கெட்டைத் தவறவிடாதீர்கள். அங்கே பிள்ளைகள் நமக்கு ஆசிரியர்களானார்கள். எது இன்று பிடித்த மீன், எது பனிக்கட்டியில் இரண்டு நாள் கிடந்தது என்று செவுளைத் தூக்கிப் பார்த்தே சொன்னார்கள். மீன்காரப் பெண்களில் ஒருவர் எங்கள் வகுப்புப் பெண்ணுக்கு அத்தை முறை. முப்பது பேருக்கும் கடலைமிட்டாய் கிடைத்தது.

கடற்கரைக்கு மாலையில் வாருங்கள். ஆறு மணிக்குமேல் அச்சாலையில் வண்டிகள் இல்லை, நிம்மதியாய் நடக்கலாம். 1836இல் ஒளியேற்றிய பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்கான நினைவுச் சின்னம், தெற்கே துய்ப்ளே சிலை, எல்லாம் வரிசையாய் நிற்கும். இவற்றைப் பற்றிக் கையேடுகள் நிறையச் சொல்லும். கையேடுகள் சொல்லாததைச் சொல்ல, கடலை நோக்கிப் பிள்ளைகளை உட்கார வைத்தோம்.

இங்கே துறைமுகம் இருந்ததில்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். அலையைக் கிழித்துக்கொண்டு சரக்கையும் ஆளையும் கப்பலுக்குக் கொண்டு சேர்த்தவை சலங்குகள். ஆணி ஒன்றும் அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகுகள்! அலை மோதினால் மரப்படகு உடையும். சலங்கோ நெளிந்து கொடுக்கும். அவற்றை வலித்தவர்கள் இந்தக் கரையோரத்துக் குப்பங்களின் மக்கள். 1860களில்தான் இரும்புத் துறைப்பாலம் வந்தது. அதையும் 1952ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது.

அந்தச் சலங்குகளில் ஏறிப் போனவர்கள் யார்? 1848 ஏப்ரலில் பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. கரீபியக் கடலின் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட கறுப்பின மக்கள் விடுதலை பெற்றனர். தோட்டம் இருந்தது, ஆலை இருந்தது, ஆள்தான் இல்லை. கண் எங்கே திரும்பிற்று? புதுவைக்கும் காரைக்காலுக்கும்! 1853இல் 'ஒரேலி' என்ற கப்பல் தமிழர்களை ஏற்றிக்கொண்டு மார்த்தினிக்கின் சேன்பியேர் துறையை அடைந்தது. அடுத்த ஆண்டு இறுதியில் அதே கப்பல் குவாதலூப்புக்கும் சென்றது. ஐந்தாண்டு ஒப்பந்தம், ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி மாதக்கணக்கில் பயணம். 1880களில் இந்த ஆள்வாணிபம் நிற்கும்வரை, மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேர், குவாதலூப்புக்கு 40,000க்கு மேல். அனைவரும் புதுவையிலிருந்து போனவரல்லர். சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் போனவர் உண்டு. ஆனால் தொடக்கம் இந்த மணல்தான். பசியும் கடனும் சாதிக் கொடுமையும் ஒருபுறம் தள்ள, ஆள்பிடிப்போர் ஆசைமொழி மறுபுறம் இழுக்க, இங்கிருந்துதான் இறங்கினர் தண்ணீரில்.

போன இடத்தின் கதை? சேன்பியேர் அத்தீவின் செல்வ நகர். 1902 மே 8 அன்று பெலே எரிமலை வெடித்துச் சில நிமிடங்களில் 28,000 பேர் வரை மாண்டனர். தலைநகரான போர்தெபிரான்சு தப்பியது. அதை நாம் கண்டதில்லை, படித்தறிந்ததே. பாவலர் எமே செசேர் 1945 முதல் 2001 வரை அந்நகரின் மேயர்! அங்குள்ள பூங்கா ஒன்றில் நெப்போலியன் மனைவி சோசபினுக்கு வெள்ளைப் பளிங்குச் சிலை இருந்தது. ஒழிந்த அடிமை முறையை 1802இல் நெப்போலியன் மீட்டபோது, தோட்டக்காரர் மகளான அவளுக்கும் அதில் பங்குண்டு என்பது மக்கள் சினம். 1991இல் ஓர் இரவில் சிலையின் தலை காணாமற்போயிற்று. தலையின்றியே ஆண்டுகள் பல நின்றது. 2020இல் அடியோடு சாய்த்தனர்.

துய்ப்ளே இங்கே தலையோடு நிற்கிறான். நிற்கட்டும், தலையை எடு என்று நாம் கேட்கவில்லை. போரில் மாண்டவர்க்குக் கல்லில் பெயர் உண்டு, கப்பலில் போனவர்க்கு? நாங்கள் நடந்த வழியில் ஒரு கல்வெட்டும் கண்ணில் படவில்லை. ஒரேலியின் பெயரையும் ஆண்டையும் தமிழில் பொறித்து ஒரு சிறு கல், கடலைப் பார்த்து நிற்கக் கூடாதா?

"போனவங்க திரும்பி வந்தாங்களா சார்?" என்றாள் ஒரு மாணவி. சிலர் வந்தனர், பலர் வரவில்லை. அங்கேயே வேரூன்றினர். மாரியம்மனும் மதுரைவீரனும் அவர்களோடு போய் அங்கே பலிபீடம் கண்டனர். அத்தீவுப் பெண்கள் தலையில் கட்டும் கட்டம்போட்ட துணிக்குப் பெயர் 'மதராசு'. நம் மசாலையை ஒத்த பொடி போட்டு ஆக்கும் குழம்புக்கு 'கொலம்போ' என்று பெயர். தீவினர் அனைவருக்கும் விருந்து அது. தமிழ் நாவில் தங்கவில்லை, பெயரில் தங்கியது. குவாதலூப்பில் 1863இல் பிறந்த ஆன்றி சிதம்பரம், இந்திய வழியினர்க்கு வாக்குரிமை வேண்டும் என்று 1904இல் தொடங்கிய வழக்கை, 1923இல் வெல்லும்வரை விடவில்லை.

"சிதம்பரமா? நம்ம ஊர் பேரு!" என்றான், நண்பகலில் நம்மை வாயடைக்கச் செய்த அதே மாணவன். பிறகு, "சலங்கை வலிச்சவங்களுக்குத் தெரியுமா சார், ஏறுறவங்க எங்கே போறாங்கன்னு?" என்று கேட்டான். அவன் பாட்டன் வலித்தவராக இருக்கலாம். அல்லது ஏறியவரின் உடன்பிறந்தாராக இருக்கலாம். அவனிடம் அதைச் சொல்லவில்லை. அவனே எண்ணிக்கொண்டிருந்தான் என்பது முகத்தில் தெரிந்தது.

கடைசிப் பேருந்துக்கு முந்திய பேருந்தைப் பிடித்துவிடுங்கள். கடைசிப் பேருந்தில் புட்டிக்காரர் கூட்டம் மிகுதி. திரும்பும்போது இருட்டிவிட்டது. உப்புப் பாத்தியைப் பார்ப்பதாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிப் பேர் உறங்கிவிட்டனர். மீதிப் பேர் சன்னலில் முகம் வைத்து, நிலவொளியில் வெளுத்துக் கிடந்த உப்புக் குவியல்களைப் பார்த்துக்கொண்டு வந்தனர்.

திங்கட்கிழமை வகுப்பில் உலகப்படத்தை விரித்தோம். புதுவையிலிருந்து தொடங்கி, ஆப்பிரிக்காவைச் சுற்றி, அந்த மாணவன் விரலால் கோடு இழுத்துக்கொண்டே போய்க் கரீபியக் கடலில் நிறுத்தினான். அந்தப் படத்தில் மார்த்தினிக் இல்லை. அவ்வளவு சிறிய தீவை அச்சிட்டவர் விட்டுவிட்டார். பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, மை ஊறாமல் ஒரு புள்ளி வைத்தான். சற்றுத் தள்ளி இன்னொன்று, குவாதலூப்புக்கு. பிறகு வெகுநேரம் தேடி, மரக்காணத்துக்கும் ஒரு புள்ளி வைத்தான். அதுவும் படத்தில் இல்லை.