அடுத்த வாசலுக்கு ஆறு ஸ்கோன்கள்

ஆணம் சமைத்தால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்திய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இங்கிலாந்தில் குடியேறிய எங்களுக்கு இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. எங்கள் ஆணத்தின் காரம் அடுத்த வீட்டு அம்மையாருக்கு ஆகாது. கார்ன்வாலில் பிறந்தவர், கணவரை இழந்து தனியே வாழ்பவர், மிளகுத்தூளையும் அஞ்சி அஞ்சித் தூவுபவர். ஆகவே அவர்கள் நாட்டுப் பண்டத்தையே எங்கள் வீட்டில் சுடக் கற்றோம்.

ஸ்கோன் என்பது கேக்குக்கும் ரொட்டிக்கும் இடைப்பட்டது. மாலைத் தேநீருடன் ஜாமும் க்ரீமும் பூசி உண்பர். பழைய செய்முறைகள் சிலவற்றில் பன்றிக் கொழுப்பு சேர்வதுண்டு. வீட்டில் சுட்டால் அந்த ஐயம் எழாது. அதிலும் க்ரீம் ஸ்கோனுக்கு வெண்ணெய்கூட வேண்டியதில்லை. க்ரீமிலுள்ள கொழுப்பே மாவுக்கு மென்மை தந்துவிடும்.

பேக்கிங் பவுடர் முன்பே கலந்த மைதா 250 கிராம், சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, உலர்திராட்சை 80 கிராம், டபுள் க்ரீம் 250 மில்லி. மாவு வறண்டிருந்தால் இரண்டு மூன்று கரண்டி பால். இதைப் பரோட்டா மாவைப் போல் அடித்துப் பிசையலாகாது. நம் பெண்களின் கை பிசைந்து பழகிய கையல்லவா, அடங்குவது சிரமம்தான். ஒன்று சேர்ந்தவுடன் நிறுத்தி, மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, வட்ட அச்சை நேராக அழுத்தி எடுக்க வேண்டும். அச்சைத் திருகினால் ஓரம் நசுங்கி ஸ்கோன் கோணலாக எழும்பும். மேலே மட்டும் பால் தடவி, 220 டிகிரி சூட்டில் 12 முதல் 14 நிமிடம் சுட்டால் போதும்.

உலர்பழங்களை இந்நாட்டில் பலர் பிராந்தியிலோ ரம்மிலோ ஊறவைப்பர். நாங்கள் சூடான கறுப்புத் தேநீரில் அரைமணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து சேர்க்கிறோம். திராட்சையை ஊறவைப்பது நமக்குப் புதிதன்று. நபி (ஸல்) அவர்களுக்காக உலர்திராட்சை நீரில் ஊறவைக்கப்பட்டதையும், அதை மூன்றாம் நாள் வரை அருந்திவிட்டு எஞ்சியதைக் கொட்டிவிடச் செய்ததையும் இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்துள்ளார்கள். புளித்துப் போதையேறுமுன் நிறுத்திக்கொள்ளும் அந்த எல்லையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கச் சமையலறை நல்ல இடம்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் பன்னிரண்டு சுட்டு, ஆறு அடுத்த வாசலுக்குப் போகும். தம்மைப் பெயர் சொல்லியே அழைக்கும்படி அவர் வற்புறுத்துகிறார். பிள்ளைகளுக்கு அது எளிதாக வருகிறது; எங்களுக்கோ நா எழுவதில்லை.

2024 ஜூலை இறுதியில் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமியர் கொல்லப்பட்டனர். கொன்றவன் முஸ்லிம் என்ற பொய் பரவி, மறுநாளே அவ்வூர்ப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. கலவரம் பல நகரங்களுக்குப் பரவிய அவ்வாரத்தில், எங்கள் ஊரில் எதுவும் நிகழாதபோதும், நாங்கள் திரைச்சீலையை விலக்கவே தயங்கினோம். முக்காடிட்ட பெண்கள் கடைக்குப் போகவில்லை. 2013இல் யார்க் நகரப் பள்ளிவாசலார், தம்மை எதிர்த்து வந்தவர்களை உள்ளே அழைத்துத் தேநீரும் பிஸ்கட்டும் தந்து பேசியதைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தோம். எனினும் அந்தச் சனிக்கிழமை அடுப்பை மூட்ட மனம் வரவில்லை.

மாலை நான்கு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அஞ்சித்தான் திறந்தோம். முந்தைய வாரத் தட்டைக் கையில் ஏந்தியவாறு அம்மையார் நின்றிருந்தார். தட்டில் அவர் தோட்டத்துப் பிளம்ஸ் பழங்கள். “இந்த வாரம் சுடவில்லையா?” என்று கேட்டார். பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அவர் அதற்குக் காத்திருக்கவுமில்லை. “கடைச் சீட்டை எழுதித் தாருங்கள், நாளை நான் வாங்கி வருகிறேன், மீதியை அடுப்படியில் பேசலாம்” என்று உள்ளே வந்து அமர்ந்தார்.

க்ரீம் வீட்டில் இருந்தது. திராட்சையை ஊறவைக்க நேரமில்லாமல் அப்படியே கலந்தோம். சூட்டோடு பிளந்த ஸ்கோனில் கார்ன்வால் வழக்கப்படி முதலில் ஜாம், அதன்மேல் க்ரீம் என்றார் அவர். எங்கள் இளைய மகள் டெவன் வழக்கப்படி க்ரீமே முதலில் என்று வாதிட்டாள். அவ்விவாதம் மஃரிப் வரை நீடித்தது.