மூன்று மில்லிமீட்டர் புல்

2024 ஜனவரியில் துபாய் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப்பின் மஜ்லிஸ் மைதானத்தில் ரோரி மெக்கில்ராய் நான்காவது முறையாக டெசர்ட் கிளாசிக் கோப்பையை வென்றார். நவம்பரில் அதே நகரின் ஜுமைரா கோல்ஃப் எஸ்டேட்ஸில் நடந்த ஆண்டிறுதிப் போட்டியிலும் அவருக்கே வெற்றி. இரண்டு முறையும் தொலைக்காட்சியில் புல் ஒரே பச்சையாகத்தான் தெரிந்தது. இடைப்பட்ட மாதங்களில் அந்த ஊர் மண் ஓராண்டு மழைக்கும் மேலாக ஒரே நாளில் வாங்கியிருந்தது. ஜூலையில் அமீரகத்தின் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது.

அந்த மாதங்களைப் புல்லும் அதைக் காப்பவர்களும் எப்படிக் கடந்தார்கள் என்று பார்க்க, ஆகஸ்ட் கடைசியில் துபாயின் புறநகரில் உள்ள ஒரு 18 குழி மைதானத்துக்குப் போனேன். பெரிய போட்டிகள் நடக்கும் இடமல்ல. உறுப்பினர்கள் ஆடும் மைதானம். பராமரிப்புக் கொட்டகையில் மலையாளமும் இந்தியும் நேபாளியும் கலந்து கேட்டாலும் காலைத் தேநீர் நேரத்தில் தமிழ்தான் ஓங்கி ஒலித்தது. புதுக்கோட்டை, ராமநாதபுரம், தென்காசி என்று ஆளுக்கொரு ஊர்.

வேலை அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்குகிறது. ஏசி அறையிலிருந்து வெளியே கால் வைத்ததுமே மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடுகிறது, அவ்வளவு ஈரப்பதம். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கைமெஷினைத் தள்ளியபடி இருட்டுக்குள் போகிறார்கள். முதலில் வெட்டுவது கிரீன். குழியும் கொடியும் இருக்கிற அந்த இடத்தில் புல்லின் உயரம் மூன்று மில்லிமீட்டர் அளவில்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் வெட்ட வேண்டும், ஒவ்வொரு நாளும் திசையை மாற்ற வேண்டும். ஒரே பக்கமாக வெட்டினால் புல் அந்தப் பக்கமே படுத்துவிடும், பந்தும் அந்தப் பக்கமே இழுக்கும்.

“ஆடுறவங்க வர்றதுக்குள்ள கிரீன் முடிஞ்சிரணும் சார். நாம வந்து போனது தெரியக்கூடாது” என்றார் ஃபோர்மேன். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கட்டட வேலைக்கென்று வளைகுடா போய், புல்லுக்கு மாறியவர். குழுவில் எல்லோருக்கும் அவர் ‘அண்ணே’தான்.

புல் நமக்கு அந்நியமானதல்ல. பெர்முடா என்று உலகம் சொல்வது, பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லின் இனமே. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள டிஃப்டன் ஆய்வு நிலையத்தில் கிளென் பர்ட்டன் அருகம்புல்லையும் அதன் ஆப்பிரிக்க உறவுப்புல் ஒன்றையும் சேர்த்து உருவாக்கிய டிஃப்வே 419 என்ற கலப்பினம் 1960-இல் வெளிவந்தது. வெப்ப நாடுகளின் ஃபேர்வேக்களில், அதாவது கிரீனை நோக்கிப் போகும் நீண்ட புல்வெளிகளில், அது பரவலாக இருக்கிறது. அதற்கு விதை கிடையாது. தண்டைத் துண்டாக்கித்தான் நட வேண்டும். வெயிலுக்குச் சாகாது, வெட்ட வெட்ட அடர்ந்து படரும். அதைக் கொல்லக்கூடியவை நிழல், குளிர், வேரில் தேங்கும் நீர். அதனால்தான் 2024-இல் இவர்களை அதிகம் பயமுறுத்தியது கோடை அல்ல, ஏப்ரல்.

ஏப்ரல் 15 இரவு தொடங்கி மறுநாள் முழுக்க மழை கொட்டியது. 1949-இல் பதிவுகள் தொடங்கிய பிறகு அமீரகம் அப்படியொரு மழையைக் கண்டதில்லை. அல் அய்ன் பகுதியின் கத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்துக்குள் 250 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்தது. துபாய் விமான நிலையத்தில் ஓராண்டின் சராசரியே 95 மில்லிமீட்டர் அளவுதான். அன்று ஒரே நாளில் 140-ஐத் தாண்டியது. ஓடுபாதையில் விமானங்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போன காட்சியை நாம் எல்லோரும் பார்த்தோம்.

லேபர் கேம்ப்பிலிருந்து பஸ் கிளம்ப முடியவில்லை. மறுநாள் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தவர்கள் பார்த்தபோது தாழ்வான ஃபேர்வேக்கள் மைதானத்து ஏரியோடு சேர்ந்திருந்தன. பங்கர் எனப்படும் மணல் பள்ளங்களின் சரிவு மணல் எல்லாம் கரைந்து அடியில் வண்டலோடு கலந்து கிடந்தது. மூன்று கிரீன்கள் தண்ணீருக்குள்.

“தண்ணி நின்னதுல புல்லு சாகல சார். நின்ன தண்ணி சுட்டதுலதான் செத்துச்சு.”

ஃபோர்மேன் சொன்னது துல்லியமான அறிவியல். தேங்கிய நீர் வேருக்குக் காற்றை மறிக்கிறது. மழை விட்டதும் அடித்த ஏப்ரல் வெயிலில் ஆழமில்லாத அந்த நீர் சூடேறி, புல்லை வேக வைத்துவிடுகிறது. எனவே முதல் வேலை, உள்ள பம்புகளையெல்லாம் கிரீன்களுக்குத் திருப்புவது. ஃபேர்வே காத்திருக்கலாம், கிரீன் காத்திருக்காது. தண்ணீர் வடிந்த இடத்தில் இரண்டாவது வேலை: படிந்த வண்டலை அது காய்வதற்குள் குழாய்த் தண்ணீர் பீய்ச்சிக் கழுவித் தள்ளுவது. காய்ந்துவிட்டால் அது மேலே ஒரு தகடாக இறுகிவிடும். அதன்பின் நீரும் இறங்காது, காற்றும் போகாது. இந்த வேலைக்குப் பெரிய இயந்திரம் எதையும் இறக்க முடியாது. ஈர மண்ணில் டயர் புதைந்தால் அந்தத் தடம் மாதக்கணக்கில் போகாது. எல்லாமே மண்வெட்டியும் ரப்பர் பட்டையும் கையுமாக நடந்த வேலை.

அந்த மூன்று கிரீன்களில் ஒன்றுக்கு என்னை அழைத்துப் போனார். குழி போடும் கருவியை மண்ணில் அழுத்தித் திருகி, மண்ணோடு ஒரு புல் உருளையை எடுத்தார். கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர்; உருளையும் அதே அகலம். தினமும் குழியை இடம் மாற்றும்போது இப்படி ஓர் உருளை கைக்கு வரும். அதை அவர் முதலில் பார்க்கவில்லை, முகர்ந்தார். பிறகு என்னிடம் நீட்டினார். சாதாரண மண் வாசனைதான். ஏப்ரல் கடைசியில் இதே இடத்தில் எடுத்த மண்ணில் அழுகிய முட்டை நாற்றம் அடித்ததாம். மேலிருந்து இரண்டு விரற்கடை ஆழத்தில் கன்னங்கரேலென்று ஒரு பட்டை ஓடியிருந்தது. காற்றில்லாத மண்ணில் பெருகும் நுண்ணுயிர்கள் கந்தகத்தை வாயுவாக்குவதால் வரும் நாற்றமும் கருப்பும் அது. அந்தப் பட்டையை வேர் தாண்டாது. குழல் ஊசிகள் பொருத்திய இயந்திரத்தால் கிரீன் முழுக்கத் துளை போட்டு, மண்ணை உருவி எடுத்து, துளைகளில் மணலை நிரப்பினார்கள். சில வாரம் விட்டு மறுபடியும் துளை, மறுபடியும் மணல். ஆகஸ்டில் நான் பார்த்த உருளையில் வெள்ளை வேர்கள் மணல் தூண்களின் வழியே நேராக இறங்கியிருந்தன. அதை விரலால் தடவிக் காட்டியபோது அவர் முகத்தில் இருந்த நிறைவை இன்னும் மறக்க முடியவில்லை.

அதே மழை ஒரு நன்மையும் செய்தது. இங்கே புல்லுக்குப் பாய்வது சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர். அதில் உப்பு உண்டு. நீர் ஆவியாக ஆக, உப்பு மண்ணிலேயே தங்கும். அதை வேருக்குக் கீழே தள்ள அவ்வப்போது தேவைக்கு மேல் நீர் விட்டு அலச வேண்டியிருக்கும். வடிகால் நன்றாக இருந்த மேட்டு ஃபேர்வேக்களில் அந்தப் பேய்மழையே அலசும் வேலையைச் செய்துவிட்டது. மே மாதத்தில் அந்த ஃபேர்வேக்கள் அதற்கு முன் பார்த்திராத பச்சையில் எழுந்தன என்று சொன்னார்கள். ஒரே மழை மேட்டில் மருந்தாகவும் பள்ளத்தில் நஞ்சாகவும் இருந்திருக்கிறது. வித்தியாசம் மண்ணுக்கு அடியில் யாரோ என்றோ சரியாகப் புதைத்த குழாய்களில் இருந்தது.

பிறகு கோடை. ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் பாய்ச்ச 10,000 லிட்டர் வேண்டும். 40 ஹெக்டேர் புல்லுக்கு நாளுக்கு எட்டு மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டால் 32 லட்சம் லிட்டர். பாலைவனத்தில் இத்தனை தண்ணீரை விளையாட்டுக்காகப் புல்லில் ஊற்றலாமா என்ற கேள்வி எனக்கும் உண்டு. சுத்திகரித்த கழிவுநீர் என்பது பாதிப் பதில்தான். அந்த நீருக்கு மரங்களும் காத்திருக்கின்றன. ஆனால் அந்த முடிவு இவர்கள் கையில் இல்லை. இவர்கள் கையில் இருப்பது, வந்த நீரில் ஒரு சொட்டும் வீணாகாமல் பார்ப்பது. அதை இவர்கள் செய்கிறார்கள்.

நீர்த்தெளிப்பு இரவில் ஓடும். பகலில் நடப்பது வேறு வேலை. மணல் துகள்கள் மீது மக்கிய பொருளின் மெழுகு படிந்து, சில இடங்களில் மண் தண்ணீரையே வாங்காது. சுற்றிலும் ஈரமாக இருக்க, ஒரு முறத்தளவு இடம் மட்டும் தாகத்தில் கிடக்கும். அதைக் கண்டுபிடிக்க இரண்டு முள் கொண்ட ஈரமானி இருக்கிறது. மண்ணில் குத்தினால் எத்தனை சதவீதம் என்று எண் காட்டும். ஃபோர்மேன் அதைக் குத்துவதற்கு முன்பே இடத்தைச் சொன்னார். அவர் நடந்து போய்த் திரும்பிப் பார்த்தார். மற்ற இடங்களில் மிதிபட்ட புல் உடனே நிமிர்ந்தது. ஓரிடத்தில் மட்டும் செருப்புத் தடம் அப்படியே நின்றது. அங்கே பச்சையில் லேசான சாம்பல் நீலம். “இன்னும் ஒரு மணி நேரம் விட்டா கருகிரும்” என்று சொல்லிவிட்டு, ஹோஸ் பிடித்திருந்த தென்காசிப் பையனைக் கூப்பிட்டார். அந்த இடத்துக்கு மட்டும் தண்ணீர், பக்கத்தில் ஒரு சொட்டும் இல்லை. ஈரமானி பிறகுதான் அவர் சொன்னதை உறுதி செய்தது.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது அமீரகச் சட்டம். மீறினால் ஆளுக்கு 5,000 திர்ஹம் அபராதம். இந்த மைதானத்தில் பன்னிரண்டுக்கே ஆட்கள் கொட்டகைக்குத் திரும்பிவிடுகிறார்கள். நல்ல சட்டம். ஆனால் கடிகாரம் பார்த்து உடம்பு சூடாவதில்லை. ஆகஸ்டில் காலை பத்து மணிக்கே காற்றில் ஈரம் அதிகமாகி வியர்வை காயாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும். தோலில் இருந்து வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். நேரத்தோடு ஈரப்பதத்தையும் சேர்த்து அளந்து ஓய்வு கொடுப்பதே சரியான முறை. புல்லின் ஈரத்தைச் சதவீதத்தில் அளக்கும் இடத்தில், மனிதர்களுக்கும் அப்படியொரு அளவை வைப்பது பெரிய காரியமில்லை.

கொட்டகையில் ராமநாதபுரத்து மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவர் வேலை புல்வெட்டும் மெஷின்களின் கத்தி. உருளும் கத்தியும் அடிக்கத்தியும் உரசியும் உரசாமலும் சந்திக்க வேண்டும். ஒரு செய்தித்தாள் துண்டை இடையில் வைத்து, உருளையைக் கையால் மெல்லச் சுற்றினார். தாள் நேர்கோட்டில் அறுந்து விழுந்தது. அடுத்த மெஷினில் ஓரம் பிசிறடித்தது. ஒரு திருகைக் கால் சுற்று முடுக்கினார். மறுபடி தாள், மறுபடி முடுக்கு. கத்தியின் முழு நீளத்துக்கும் அங்குலம் அங்குலமாக இதே சோதனை. மழுங்கிய கத்தி புல்லை வெட்டாது, கிழிக்கும். கிழிந்த நுனி வழியாக நீர் போகும், நோய் வரும், இரண்டு நாளில் மைதானமே வெளுத்துத் தெரியும். “புல்லு மஞ்சளானா எல்லாரும் உரத்தக் கேப்பாங்க. நான் பிளேடத்தான் பாப்பேன்” என்றார்.

செப்டம்பர் கடைசியில் குளிர்காலப் புல்லுக்கான வேலை தொடங்குகிறது. இரவுகள் குளிரத் தொடங்கியதும் அருகு தூங்கப் போகும், நிறம் மங்கும். அதனால் அருகை ஒட்ட வெட்டி, மேலே ரை புல் விதையைத் தூவுகிறார்கள். ஒரு வாரத்துக்குள் முளைக்கும். அந்த நாட்களில் லேசாக, அடிக்கடி நீர் தெளிக்க வேண்டும். வெப்பமும் ஈரமும் கூடிய அந்தச் சமயத்தில் பித்தியம் என்ற நோய் ஒரே இரவில் நாற்றை அழுக வைத்துவிடும். விடிகாலையில் பஞ்சு இழை தெரிகிறதா என்று முழந்தாளிட்டுப் பார்க்க வேண்டும். மே மாத வெயிலில் ரை புல் தானாகச் சாகும். அதன் நிழலில் நலிந்திருந்த அருகு அதற்குள் எழுந்தாக வேண்டும். 2024-இல் இந்த மாற்றத்தின் நடுவில்தான் அந்த மழை விழுந்தது.

நவம்பரில் தொலைபேசியில் பேசியபோது விதைப்பு நன்றாக வந்திருப்பதாக ஃபோர்மேன் சொன்னார். அடுத்த ஆண்டு ஊருக்கே திரும்பிவிடும் எண்ணமும் அப்போது இருந்ததாம். அவருடைய விசாவில் இருந்தது சாதாரணத் தொழிலாளி என்ற வகைதான். மண்ணின் நாற்றத்தை வைத்து நோய் சொல்கிற, மிதித்த தடத்தை வைத்துத் தாகம் சொல்கிற அந்தத் திறமைக்கு எந்தத் தாளிலும் சான்று இல்லை. ஊட்டி, கொடைக்கானல், கோவை, சென்னை என்று நம்மிடமும் கோல்ஃப் மைதானங்கள் இருக்கின்றன. பல மாவட்டங்களில் புல் தரை விளையாட்டரங்குகள் இருக்கின்றன. முன் அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முறையும் நம் திறன் பயிற்சித் திட்டங்களில் ஏற்கெனவே உண்டு. வெளிநாடுவாழ் தமிழர் நல வாரியமும் விளையாட்டுத் துறையும் சேர்ந்து, வளைகுடாவிலிருந்து திரும்பும் புல் தொழிலாளர்களுக்கு அப்படியொரு தேர்வை நடத்தி, நம் மைதானங்களின் பொறுப்பை அவர்களிடம் கொடுக்க வேண்டும்.